ஐப்பசியில வந்து கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். போன மாசம் "உங்க கேள்விகளை அனுப்புங்க"ன்னு சொல்லியிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்வி. டெவலப்மென்ட் ஸ்டடீஸ் படிக்கலாமா? வறுமை ஒழிப்பு, பப்ளிக் பாலிசி இதெல்லாம் மாஸ்டர்ஸ் படிச்சா வேலை கிடைக்குமா? வெளிநாட்டுல போய்ப் படிச்சாத்தான் மதிப்பா?

நான் அதைப் படிச்சவ. அதனால பதில் சொல்ற பொறுப்பு எனக்கு வந்துடுச்சு. ஆனா கல்லூரிப் பட்டியல், கட்ஆஃப், ஸ்காலர்ஷிப் தேதி இதெல்லாம் இணையத்துலயே கிடைக்கும். அதுல கிடைக்காத ஒண்ணைப் பத்திப் பேசுறேன். நம்ம வீட்டையே பாடமா வச்சு ஒருத்தர் நடத்தும்போது வகுப்புல உட்கார்ந்திருக்கிறது எப்படி இருக்கும்கிறதைப் பத்தி.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். எட்டயபுரம் போற ரோட்டுல இருந்து உள்ள பிரியுற ஒரு சின்ன கிராமம். சுத்தியும் கரிசல் காடு. "காடு"ன்னா மரம் இல்லை, எங்க பக்கம் மானாவாரி நிலத்தைத்தான் காடுன்னு சொல்லுவோம். கோடையில கை நுழையுற அளவுக்குப் பிளந்து கிடக்கும். மழை பெய்ஞ்சா அதே மண்ணு உப்பி, களியா மாறி, செருப்போட ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு கிலோ கூடும். வண்டி போகாது. புரட்டாசியில மழைக்கு முன்னாடியே புழுதியில விதைச்சுட்டு வானத்தைப் பார்த்துட்டு இருப்பாங்க. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி. தை பிறந்தாத்தான் வீட்டுக்கு ஏதாவது வந்து சேரும்.

அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவங்க. சென்னைப் பிள்ளைகளுக்கு இது புரியாது. எங்க ஊர்ல தீப்பெட்டி ஃபேக்டரிக்கு "ஆபீஸ்"னுதான் பேரு. நான் காலேஜ் சேரும்போது படிவத்துல "தாயார் பணி: ஆபீஸ்"னு எழுதினேன். அங்க இருந்த மேடம் "எந்த டிபார்ட்மென்ட்?"னு கேட்டாங்க. "பெட்டி அடைக்கிற டிபார்ட்மென்ட்"னு சொன்னேன். [சிரிக்கிறார்]

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2018ல மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். முதல் செமஸ்டர்ல குழந்தைத் தொழில் பத்தி ஒரு வகுப்பு. படிக்கக் கொடுத்த கட்டுரை ஸ்மிது கோத்தாரி எழுதினது, 1983ல எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லில வந்தது. அந்தத் தீக்குச்சிகள்ல ரத்தம் இருக்குங்கிற அர்த்தத்துல தலைப்பு. சிவகாசிப் பக்கத்துக் கிராமங்கள்ல இருந்து விடியிறதுக்கு முன்னாடியே குழந்தைகளை வண்டியில ஏத்திக் கொண்டு போறதைப் பத்தி எழுதியிருப்பார். வகுப்புல எல்லாரும் அமைதியா இருந்தாங்க. ஒரு பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. நான் மட்டும் கணக்குப் போட்டுட்டு இருந்தேன். அம்மா பிறந்தது 1972. பத்து வயசுல ஆபீசுக்குப் போனாங்க. அப்போ 1982. கட்டுரை 1983.

அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணேன். "அம்மா, நீங்க வேலை பார்த்த காலத்தைப் பத்தி ஒரு பாடம் இருக்கு"ன்னு சொன்னேன். "எழுதுனவுக யாரு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எந்தம்பி பள்ளிக்கூடம் போனான்னு எழுதியிருக்காகளா?"ன்னாங்க.

எனக்குப் புரியல. அம்மா விளக்கினாங்க. "என்னைய ஆபீசுக்கு அனுப்பணும், தம்பியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே திண்ணையில உட்கார்ந்துதான் முடிவு பண்ணாக. ஒண்ணை மட்டும் எழுதுனா கணக்கு எப்படி வரும்?"

இந்த ஒரு கேள்வியை நான் ரெண்டு வருஷம் தூக்கிட்டுத் திரிஞ்சேன். ஏன்னா, அந்தப் பகுதியில திட்டம் வராம இல்லை. இந்தியாவுக்கே முன்மாதிரின்னு சொல்ற ஒரு திட்டம் எங்க ஊர்ல இருந்து சைக்கிள்ல போற தூரத்துல ஆரம்பிச்சது. 1956ல காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்துலதான் தொடங்கி வச்சார். கல்வித் துறையில அதுக்குத் தோள் கொடுத்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. அரசுப் பணம் மட்டும் இல்லாம, ஊர்க்காரங்க கொடுத்த தானியம், விறகு எல்லாத்தையும் சேர்த்து நடந்தது. பிறகு 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2001ல நாடு முழுக்கச் சமைச்ச சோறு போடணும்னு உச்ச நீதிமன்ற உத்தரவு, 2022ல காலை உணவுன்னு அது வளர்ந்தது. எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துல டெவலப்மென்ட் படிச்சாலும் தமிழ்நாட்டுச் சத்துணவு ஒரு வகுப்பாவது வரும்.

ஆனா பாருங்க. 1956ல எட்டயபுரத்துல சோறு போட்டாங்க. இருபத்தாறு வருஷம் கழிச்சு, அங்க இருந்து கொஞ்ச தூரத்துல, எங்கம்மா ஆபீஸ் வண்டியில ஏறினாங்க. மாமா அந்தச் சோத்தைச் சாப்பிட்டுப் படிச்சார். திட்டம் வேலை செஞ்சுதா, செய்யலையா? ரெண்டுக்கும் ஆமான்னுதான் பதில். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடியே வண்டி வந்துடும். அது முதல் காரணம். பொம்பளப்பிள்ளைங்கிறது ரெண்டாவது. ஆபீஸ்ல பாட்டி வாங்கியிருந்த முன்பணம் மூணாவது.

அப்புறம் 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1988ல தேசியத் திட்டம் வந்தப்போ முதல் மாவட்டங்கள்ல ஒண்ணா சிவகாசிப் பகுதி இருந்தது. 1990ல சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம். 1996 டிசம்பர்ல எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம், வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னது. இதுல எது எங்க ஊர்ப் பிள்ளைகளை வண்டியில இருந்து இறக்குச்சு? ஒரு காரணத்தைச் சொல்லச் சொன்னா என்னால முடியாது. எனக்குப் பத்து வயசு ஆனப்போ வண்டி வந்தது. அம்மாவை மட்டும் ஏத்திட்டுப் போச்சு. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்வளவுதான்.

படிப்புல பெரிய பகுதி அளக்கிறதைப் பத்தினது. யார் ஏழை, எத்தனை பேர் ஏழை. 2011ல திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்துல, கிராமத்துல நாளுக்கு 26 ரூபாய், நகரத்துல 32 ரூபாய் செலவு பண்ணா வறுமைக் கோட்டுக்கு மேலன்னு ஒரு கணக்குக் கொடுத்து, நாடே சிரிச்சது ஞாபகம் இருக்கும். கோடு எங்க போடுறதுன்னு எல்லாரும் சண்டை போட்டாங்க. கேள்வி எப்படிக் கேட்டாங்கன்னு சண்டை போட்டவங்க கம்மி.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். தேசிய மாதிரி ஆய்வுல "போன முப்பது நாள்ல என்ன வாங்கினீங்க?"ன்னு கேட்கிறது வழக்கம். 1999-2000 சுற்றுல, சாப்பாட்டுப் பொருளுக்கு முப்பது நாளோட ஏழு நாள் கேள்வியையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக் கேட்டாங்க. ஏழு நாளுக்குப் பதில் சொன்ன வாயே முப்பது நாளுக்கும் பதில் சொல்லும்போது தொகை கூடிடுமே! வறுமை 36 சதவீதத்துல இருந்து 26 சதவீதமாக் குறைஞ்சதுன்னு அறிவிப்பு வந்தது. ஆறு வருஷத்துல பத்துப் புள்ளி. அதுல எவ்வளவு நிஜமான முன்னேற்றம், எவ்வளவு கேள்வித்தாள் பண்ண வேலைன்னு வருஷக்கணக்கா விவாதம் நடந்து, ஆங்கஸ் டீட்டனும் வாலரி கோசலும் சேர்ந்து அதைத் தொகுத்துப் புத்தகமே போட்டாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன்னா அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்துல நான் ஒரு வருஷம் நின்னிருக்கேன்.

மாஸ்டர்ஸ் சேர்றதுக்கு முந்தின வருஷம் ஒரு சர்வே நிறுவனத்துல கணக்கெடுக்கிற வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். கையில டேப்லெட். ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. நாளுக்கு எட்டு வீடு முடிக்கணும். விளாத்திகுளம் பக்கம் ஒரு வீட்டுல ஒரு அக்கா கிட்ட "போன மாசம் என்னைக்காவது சாப்பாடு பத்தாம இருந்ததா?"ன்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. அக்கா சிரிச்சுக்கிட்டே "அதெல்லாம் ஒரு குறையும் இல்ல"ன்னாங்க. "இல்லை"ன்னு அமுக்கினேன். அடுத்த கேள்வி வந்துடுச்சு. நான் கிளம்பும்போது அந்த அக்கா மெதுவா, "நீ ஐப்பசியில வந்து கேட்டிருக்கணும்"னு சொன்னாங்க. நாங்க போனது மாசி மாசம்.

அந்த வரியை டேப்லெட்ல எழுத இடம் இல்லை.

நியாயமாப் பேசணும்னா, தேசிய மாதிரி ஆய்வுக்காரங்க இதை யோசிக்காதவங்க இல்லை. வருஷத்தை நாலாப் பிரிச்சுத்தான் வீடுகளுக்குப் போறாங்க. அதனால மொத்த சராசரி ஓரளவு சரியா வரும். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் போவாங்க. 2022-23 சுற்றுலதான் ஒரே வீட்டுக்கு மூணு மாசத்துல மூணு தடவை போற முறை வந்தது. ஐப்பசியில ஒரு வீடு, மாசியில வேற ஒரு வீடு. மாசியில நல்லா இருக்கிற அதே வீடு ஐப்பசியில எப்படி இருக்கும்கிறது அந்தத் தாள்ல வராது. எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகைன்னா காட்டுல போட்டது எதுவும் கைக்கு வராத காலம். அடைமழையில தீப்பெட்டி வேலையும் மந்தம், ஈரத்துல குச்சியும் பெட்டியும் காயாது. களை எடுப்புக்குக் கூலி உண்டு, அதுவும் வெயில் அடிக்கிற நாள்ல மட்டும். தீபாவளி போனஸ் ஒரு கையில வந்து இன்னொரு கையில ஜவுளிக்கடைக்குப் போயிடும்.

ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒருத்தர். இங்கிலாந்துல சசெக்ஸ்ல இருக்கிற வளர்ச்சி ஆய்வு நிறுவனத்துல இருந்தவர். 1970கள்ல நம்ம வட ஆற்காடு மாவட்டத்துல ஆராய்ச்சி பண்ணவர். 1983ல ஒரு புத்தகம் எழுதினார், கடைசியில இருக்கிறவங்களை முதல்ல வைக்கிறதைப் பத்தி. அதுல நிபுணர்களோட கிராமப் பயணத்தைக் கிழிச்சு எடுப்பார். தார் ரோட்டு ஓரத்து ஊருக்கு மட்டும் போவாங்க, திட்டம் நடக்கிற ஊருக்கு மட்டும் போவாங்க, ஆம்பளைங்க கிட்ட மட்டும் பேசுவாங்க, மழை விட்டு, அறுவடை முடிஞ்சு, ரோடு காய்ஞ்சதும்தான் போவாங்க. பசியும் காய்ச்சலும் கடனும் மழைக்காலத்துல. பார்வையாளர் வர்றது வெயில் காலத்துல. நான் இதைப் படிச்சுட்டு அன்னைக்கே அந்த விளாத்திகுளத்து அக்காவை நினைச்சேன். ஒரே விஷயத்தை ஒரு பேராசிரியர் புத்தகமாச் சொன்னார். அக்கா ஒரு வரியில சொன்னாங்க. அக்காவைக் குறைச்சு மதிப்பிடாதீங்க, பேராசிரியரையும்தான். புத்தகம் இல்லைன்னா அந்த வரியோட எடை எனக்குத் தெரிஞ்சிருக்காது. படிப்போட பயன் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஆச்சரியம் நூலகத்துல கிடைச்சது. 1915 கடைசியில மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு இந்தியப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்க கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரர் வர்றார். அவருக்கு இந்தியா தெரியாது. என்ன பண்ணார்னா, கையில கேள்விப் பட்டியலைக் கொடுத்து, மாணவர்களை அவங்கவங்க சொந்த ஊருக்கு அனுப்பினார். போய்க் கேட்டு எழுதிட்டு வாங்கன்னார். அது 1918ல புத்தகமா வந்தது. அதுல இருக்கிற ஊர்கள்ல ஒண்ணு சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். இன்னொண்ணு கங்கைகொண்டான். கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போறப்போ இப்ப சிப்காட் வளாகம் பார்ப்பீங்களே, அதே ஊர். அதே ஊர்களுக்கு 1930கள்ல, 1960கள்ல, 1980கள்லன்னு திரும்பத் திரும்ப ஆய்வாளர்கள் போயிருக்காங்க. இந்தியாவுல ஒரு கிராமத்தோட நூறு வருஷக் கணக்கு வேணும்னா, எங்க பக்கத்து ஊர்களைத்தான் புரட்டணும்.

ஆனா ஒண்ணு. 1916ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி வரைக்கும் படிக்க வந்தது எந்த வீட்டுப் பிள்ளைகள்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அவங்க "என் ஊர்"னு எழுதினது உண்மைதான், ஆனா எந்தத் தெருவுல நின்னு பார்த்து எழுதினாங்க? பக்கத்துத் தெருப் பிள்ளை அந்தக் கேள்விப் பட்டியலைக் கையில வாங்க இத்தனை வருஷம் ஆயிருக்கு.

அதனால தீசிஸ்னு வந்தப்போ என் ஊருக்கே போறேன்னு முடிவு பண்ணேன். சர்வே பண்றதில்லைன்னும் முடிவு. எங்க ஊர்ல ஒரே ஒரு மளிகைக்கடை. அண்ணாச்சி கடை. எல்லா வீட்டுக்கும் அங்க ஒரு பற்று நோட்டு உண்டு. எண்ணெய், பருப்பு, புளி, சோப்பு, பிள்ளைக்கு பிஸ்கட், எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கும். கொடுத்ததும் எழுதியிருக்கும். வருஷத்துல 365 நாளும் ஒரு வீடு என்ன சாப்பிட்டது, எப்போ காசு இல்லை, எப்போ இருந்ததுன்னு அந்த ஒல்லி நோட்டுல இருக்கு. யாரும் யாரையும் "போன முப்பது நாள்ல"ன்னு கேட்டு எழுதினதில்லை அது. உலகம் முழுக்க ஏழைக் குடும்பங்களோட வரவு செலவை வாரா வாரம் எழுதி வாங்குற ஆராய்ச்சி முறை ஒண்ணு பெரிய பேரோட இருக்கு. அண்ணாச்சி அதை அவர் பாட்டுக்குப் பண்ணிட்டு இருந்தார்.

அவர் கிட்ட போய்க் கேட்டேன். கல்லாவுக்குப் பின்னாடி இருந்து ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "தாயி, இது ஊரோட மானம்"னார். அப்புறம், "ஒவ்வொரு வீட்டுலயும் போய் நீயே கேளு. அவுக சரின்னா எனக்குச் சரி. பேரு வரப்படாது"ன்னார். பல்கலைக்கழகத்துல நெறிமுறைக் குழுவுக்கு நான் நிரப்பின பன்னிரண்டு பக்கப் படிவத்துல இருந்ததும் இதுவேதான். பதினாலு வீடு சரின்னு சொன்னாங்க. ஆறு வீடு மாட்டேன்னுட்டாங்க. எங்கம்மா பதினாலுல ஒருத்தர், ஆனா ரெண்டு நாள் பேசாம இருந்துட்டுத்தான் தலையாட்டினாங்க. 2013ல இருந்து 2018 வரைக்கும் நோட்டுகளை 2019 கோடை விடுமுறையில உட்கார்ந்து கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.

அந்த முடிவுக்குக் கடைசியில வர்றேன். நடுவுல கொள்கையைப் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா "வறுமைக் கொள்கை"ன்னு தனியா ஒரு துறை எங்கயோ இருக்கிற மாதிரி நிறையப் பேர் நினைச்சுட்டு வர்றீங்க.

எங்க ஊர் ஆபீஸ் பெண்களோட கூலியைத் தொட்ட முடிவுகளைப் பாருங்க. 2017ல ஜிஎஸ்டி வந்தப்போ கையால செய்யுற தீப்பெட்டிக்கு 5, மத்ததுக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரல்ல எல்லாத்துக்கும் 12ன்னு ஆனது. 2007ல இருந்து ஒரு ரூபாயா இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. பதினாலு வருஷம் ஒரே விலை! அதுக்குள்ள மெழுகு, குச்சி, அட்டை எல்லாம் எங்கயோ போயிடுச்சு. விலை ஏறாத பொருளைச் செய்யுறவங்க கூலி எப்படி ஏறும்? அப்புறம் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமம்னு சொல்லி, தடை பண்ணச் சொல்லி 2022ல முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன்ல, இருபது ரூபாய்க்குக் கம்மியான லைட்டரை இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு வெளிநாட்டு வர்த்தகத் துறை அறிவிச்சது. இதுல எதுலயும் "வறுமை"ங்கிற வார்த்தை இல்லை. ஆனா வறுமைப் பாடம் இதுலதான் இருக்கு. பாலிசி படிக்கணும்னா வரி படிங்க, வர்த்தகம் படிங்க. போரடிக்கும். பரவாயில்லை.

தகுதி வரையறைன்னு இன்னொண்ணு. 2023ல வந்த மகளிர் உரிமைத் தொகைக்கு நன்செய்னா அஞ்சு ஏக்கர், புன்செய்னா பத்து ஏக்கர் வரைக்கும்தான். நன்செய், புன்செய்னு பிரிச்சதே நல்ல விஷயம். 2019ல பி.எம். கிசான் தொடங்கினப்போ எந்த மண்ணா இருந்தாலும் ரெண்டு ஹெக்டேர்னுதான் சொன்னாங்க, அப்புறம் அந்த வரம்பையே எடுத்தாங்க. ஆனா கரிசல்ல பன்னிரண்டு ஏக்கர் வச்சுக்கிட்டு, அதுல பாதி சீமைக்கருவேல் மண்டிப் போய், மிச்சத்துல மழை இருந்தா உளுந்து, இல்லைன்னா ஒண்ணுமில்லைன்னு இருக்கிற வீட்டை எனக்குத் தெரியும். தாமிரபரணிப் பாசனத்துல ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவர் இந்த வீட்டுக்குக் கடன் கொடுப்பார். தாள்ல இந்த வீடு பெரிய விவசாயி.

மாவட்ட எல்லையும் இப்படித்தான். 2018ல முன்னேற விழையும் மாவட்டங்கள்னு நாடு முழுக்க 112 எடுத்தாங்க. தமிழ்நாட்டுல ரெண்டே ரெண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டம். அந்த மாவட்டத்துல துறைமுகம் இருக்கு, உப்பளம் இருக்கு, ஆத்துப் பாசனம் இருக்கு, சராசரி தூக்கிக் கொடுத்துடும். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல மண்ணு மாறல, பயிர் மாறல, ஆபீஸ் வேன்கூட எல்லையைத் தாண்டித்தான் ஓடுது. பட்டியல் மட்டும் நடுவுல நிக்குது.

சரி, எங்க படிக்கலாம்? ஆங்கிலத்துல வாசிச்சு எழுத வருதுன்னா பெங்களூர்ல அசிம் பிரேம்ஜி, மும்பையில டிஸ். கிராமத்தோட தொடர்பு விடாமப் படிக்கணும்னா காந்திகிராமம். ஆராய்ச்சிதான் குறின்னா சென்னையில மால்கம் ஆதிசேஷையா 1971ல தொடங்கின எம்ஐடிஎஸ். வெளிநாடுன்னா சசெக்ஸ், சோயாஸ்னு நீளும். புள்ளியியலுக்கு பயப்படாதீங்க. அதைத் தெரியாம வச்சிருந்தா, அடுத்தவங்க நம்பரைத் தூக்கி உங்க முகத்துல எறியும்போது பேசாம நிக்க வேண்டி வரும்.

வெளிநாடு போக நினைக்கிறவங்க ஒண்ணைக் கவனிச்சுக்கோங்க. மத்திய அரசோட தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கும், நிலமில்லாத விவசாயக் கூலிகள், கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ளது. 2022ல விதியை மாத்தினாங்க. இந்தியாவோட பண்பாடு, வரலாறு, இந்தியா சம்பந்தப்பட்ட சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு அந்தப் பணம் கிடையாது. அதாவது, கூலி வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுல போய் எதை வேணும்னாலும் படிக்கலாம், தன் வீடு ஏன் கூலி வீடா இருக்குங்கிறதைத் தவிர. இந்தியாவைப் பத்தி இந்தியாவுலயே படிக்கலாமேங்கிறது அவங்க வாதம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு யாரும் அப்படிச் சொல்றதில்லையே.

வேலை? கிடைக்கும். முதல் வேலை பெரும்பாலும் "மதிப்பீடு"ங்கிற பேர்ல எக்செல் ஷீட்டா இருக்கும். அந்த ஷீட்டோட ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் என்னை மாதிரி ஒருத்தி, எட்டாவது வீட்டை முடிக்கிற அவசரத்துல, வெயில்ல நின்னிருப்பா. அவ கிட்ட போன் பண்ணி ஒரு தடவை பேசுங்க.

இப்போ பற்று நோட்டு. பதினாலு வீடு, அஞ்சு வருஷம், மாசா மாசம் நிலுவையில நிக்கிற பற்று. கோடு வரைஞ்சப்போ எதிர்பார்த்த மாதிரியே ஐப்பசி, கார்த்திகையில ஒரு மேடு. தை கடைசியில சரசரன்னு இறங்குது. விளாத்திகுளத்து அக்கா சொன்னது அப்படியே இருந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா ஆனி, ஆடியில இன்னொரு மேடு. சின்னது, ஆனா வருஷா வருஷம் பெரிசாகுது. புத்தகங்களைப் புரட்டினேன். ஆடி மாசம், கோயில் கொடை, வரி, விருந்து. "சடங்குச் செலவு"ன்னு எழுதினேன். அதுக்கு மேற்கோள் காட்ட ஆறு கட்டுரை கிடைச்சது. கைடு தலையாட்டினார். தீசிஸ் பைண்ட் ஆச்சு.

2020 மார்ச்ல ஊரடங்கு. ஊருக்கு வந்துட்டேன். ஆபீஸ் மூடிக் கிடந்தது, அம்மா வீட்டுல இருந்தாங்க. ஒரு நாள் மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனா மேலயும் கீழயும் போறது தெரியும். ஐப்பசியைக் காட்டினேன், "ஆமா"ன்னாங்க. தையைக் காட்டினேன், "ஆமா"ன்னாங்க. ஆடியைக் காட்டி, "இது கோயில் கொடைக்கு"ன்னு சொன்னேன்.

அம்மா சிரிச்சாங்க. "கொடை வரி நாம ரெண்டு வருஷம் குடுக்கவே இல்லியே தாயி. மேல வீட்டுல பாலிடெக்னிக். கிணத்துக்கார வீட்டுல நர்சிங். இது உன் பீஸு."

"அப்போ மளிகைக்கு?"

"கையில இருந்ததை உனக்குக் கட்டிட்டு, எண்ணெயை நோட்டுல எழுதிட்டு வந்தேன்."

அப்புறம் திரையில அந்த இடத்தை விரலால தொட்டு, "இதுல என்ன எழுதியிருக்க, வாசிச்சுச் சொல்லு"ன்னாங்க. நான் வாசிக்கல.

அடுத்த வாரம் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களைப் பத்தி ஒருத்தர் பேச வர்றார். கேள்வி இருந்தா வழக்கமான முகவரிக்கே அனுப்புங்க.